அரைப்பேர்

சென்ற ஆண்டு எமது பாடசாலைத் தமிழ்த்தின விழாவில் பத்தாம் வகுப்பு மாணவியர் எண்மர் ஒரு பாட்டுக்கு ஆடினர். பாட்டு ஒலிபெருக்கியில் முழங்கிற்று. மண்டபத்திலிருந்த பிள்ளைகள் அனைவரும் முதற் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை உடன்பாடினர். அறிவும் தீயும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' என்பதே அப்பாட்டு. மறுநாள் வகுப்பில், "இது யாருடைய பாட்டு?" என்று கேட்டேன். ஒருத்தி பாடகியின் பெயரைச் சொன்னாள். ஒருவன் இசையமைப்பாளரின் பெயரைச் சொன்னான். இன்னொருவன் அறிவு என்றான். ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறிக் கண்டிக்கு வரும் மாணவி ஒருத்தி, கடைசி வாங்கிலிருந்து தயங்கி எழுந்து, "எங்க அப்பாயியும் என்னைய 'சாமி'ன்னுதான் கூப்பிடும், சேர்" என்றாள். வகுப்புச் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று எனக்குக் கிடைத்த விடைகளுள் உண்மைக்கு மிக அண்மையில் நின்றது அவளுடைய விடையே. அது எவ்வாறு என்பதை விளக்குவதும், அந்த உண்மையிலிருந்து எழும் ஒரு வழக்கை முற்போக்கு இலக்கியத்தில் ஈடுபாடுடையோர் முன் வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் பாட்டைப் பாட்டாகவே நோக்குவோம். 2021ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் திகதி வெளியான இது, எந்தத் திரைப்படத்தையும் சாராத தனிப்பாட்டு. தமிழில் இசை என்றால் சினிமா இசை என்றே அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பழகிப்போன காதுகளுக்கு, கதாநாயகனும் காதற் காட்சியும் இல்லாமல் ஒரு பாட்டு கோடிக்கணக்கானோரைச் சென்றடையும் என்பதே புதுமையாயிருந்தது. அதன் உள்ளடக்கம் யாது? நிலமில்லாத உழைப்பாளியின் துயரம். அத்துயரத்தை அது முழக்கமாகச் சொல்லவில்லை. பாட்டி பேரனுக்குச் சொல்லும் விளையாட்டுப் பாட்டின் வடிவில், தவளையையும் கம்பளிப்பூச்சியையும் உறவுமுறை வைத்து அழைத்து, முன்னோர் காத்துத் தந்த பூமி எல்லா உயிருக்கும் பொது என்று சொல்லிச் செல்கிறது. அவ்வாறு குதித்துச் செல்லும் பாட்டின் நடுவில், மரம் நட்டுத் தோட்டத்தைச் செழிக்கச் செய்தவளின் தொண்டை மட்டும் நனையவில்லை என்னும் கருத்து வந்து விழுகிறது. தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே வாயிலிருந்து பிறந்தவை என்பதை அறிந்த மக்களின் கலைமுறை இது.

'எஞ்சாமி' என்ற சொல்லும் அத்தகையதே. என் சாமி என்று பாட்டி பேரனைக் கொஞ்சி அழைப்பாள். அதே சொல்லைக் கூலியாள் கைகட்டி நின்று நிலமுடையோனை நோக்கியும் கூறினான். அடிமைப்பட்ட மக்களின் நாவில் ஒரு சொல் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே பயன்பட்டு வந்திருக்கிறது. அச்சொல்லை எசமானிடமிருந்து மீட்டுப் பேரனுக்கே உரியதாக்கியமை இப்பாட்டின் சாதனை.

குறைகளும் உள. காட்சிப்படுத்தலின் ஆடம்பரம் சில இடங்களில் வறுமையை அலங்காரமாக்கிவிடுகிறது. பல்லவியிலே அமைந்த ஆங்கிலச் சொல், கேட்போன் துயரத்தை மறந்து கூத்தாடுவதற்கு வசதியான கதவையும் திறந்துவிடுகிறது. எமது மண்டபத்தில் நிகழ்ந்தது அதுவே. ஆயினும் மக்களிடம் செல்லும் கலை எப்பொழுதும் இந்த ஆபத்தினூடேதான் நடக்கிறது. ஆடாத பாட்டு தோட்டத்து லயத்தில் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை.

இப்பாட்டுக்கும் கண்டிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். பாட்டில் கண்டியும் தேயிலையும் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஆனால் பாட்டிலே வரும் பாட்டி கற்பனை மாந்தர் அல்லர். அறிவு அரக்கோணத்தைச் சேர்ந்தவர். தமது பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர் என்றும், பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர் என்றும், அவர் சொன்ன வாழ்க்கையே பாட்டின் வித்து என்றும் அவர் பலமுறை கூறியிருக்கிறார். தமிழகத்து வாசகனுக்குத் தோட்டம் என்றால் பூவும் கனியும் நிறைந்த இடம். மலையகத்தானுக்குத் தோட்டம் என்றால் துரையும் கணக்கப்பிள்ளையும், பிரட்டுக் களமும், பத்தடிக் காம்பராவும். பாட்டியின் தோட்டம் இவ்விரண்டில் எது என்று அறிந்து கேட்பவனுக்குப் பாட்டின் பொருளே மாறிவிடுகிறது.

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டோர் இம்மலைநாட்டைக் 'கண்டிச் சீமை' என்றனர். 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் வாணிபத்துக்கெனத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இக்கண்டி மாவட்டத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்னர் கோப்பிக் காலத்திலேயே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே மடிந்தனர். அந்நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி முதல் ஆகஸ்ட் 12ஆம் திகதி வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்களும் அவர்தம் தோழர்களும் நடந்தனர்.

வந்தவர்கள் காட்டை வெட்டினர், தேயிலையை வளர்த்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு இரு கூறாக்கியது. கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகர் காரியாலயத்தின் கதவடியில் கடவுச்சீட்டுக்குக் காத்து நின்ற குடும்பங்களின் கதை இந்நகரத்து முதியோருக்குத் தெரியும். அண்ணன் இந்தியனாகவும் தம்பி இலங்கையனாகவும் ஆன வீடுகள் உண்டு. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியோரைத் தாயகத்தார் 'சிலோன்காரர்' என்றனர். அங்கும் அவர்களுக்கு நிலம் இல்லை. தொண்டை நனையாத தோட்டக்காரி என்பது அணியன்று. ஒரு வர்க்கத்தின் வரலாறு. ஆகவேதான் அந்த மாணவியின் விடை சரியானது என்றேன். ஹேவாஹெட்டை அப்பாயியும் அரக்கோணத்துப் பாட்டியும் ஒரே லயத்தின் இரு காம்பராக்களில் வாழ்ந்தவர்கள் போன்றோர். ஓர் ஒப்பந்தம் நடுவிலே கடலை வைத்தது.

இனி வழக்குக்கு வருவோம்.

பாட்டு புகழ் பெற்றதும், அப்புகழ் யாரைச் சேர்வது என்ற கேள்வி எழுந்தது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' சஞ்சிகையின் அட்டையில் தீயும் ஷான் வின்சன்ட் டி பாலும் இடம்பெற்றனர். அவ்விருவரின் புகழ்பெற்ற பாட்டுகளிலும் பங்குகொண்ட அறிவு இடம்பெறவில்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலானோர் கண்டித்தபின் அறிவின் படத்துடன் மற்றோர் அட்டை வெளியாயிற்று. 2022ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு அறிவு இல்லாமலே மேடையேறியது. சில நாட்களின் பின் அறிவு தமது மனத்தைத் திறந்து எழுதினார். பாட்டை இயற்றியதும் எழுதியதும் பாடியதும் தாமே. தமக்கு எவரும் மெட்டோ சொல்லோ எடுத்துத் தரவில்லை. தூக்கமில்லாத பல மாதங்கள் அதற்குச் சென்றன. அது குழுவின் உழைப்பு என்பதில் ஐயமில்லை, ஆயினும் அது தம் பாட்டியினதும் நிலமற்ற தேயிலைத் தோட்ட முன்னோரினதும் வரலாறு என்பதை அது மாற்றாது என்பது அவரது கூற்றின் சாரம். சந்தோஷ் நாராயணனும் தீயும் மறுமொழி கூறினர். பாட்டின் எண்ணம் எங்கே தோன்றிற்று, இசையமைப்பிலும் ஒலிப்பதிவிலும் தமது பங்கு யாது என்பதை விளக்கிய சந்தோஷ் நாராயணன், வருவாயையும் உரிமையையும் மூவரும் சமமாகப் பகிர்ந்துகொள்ளவே முடிவு செய்ததாகவும், விழாவின்போது அறிவு அமெரிக்காவில் இருந்ததாகவும் தெரிவித்தார். 2024ஆம் ஆண்டு மார்ச்சில் அவரே, இப்பாட்டினால் தங்களுள் எவருக்கும் வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

இதனைக் கலைஞரிடையே எழுந்த மனத்தாங்கல் என்று ஒதுக்கிவிடுவோர் பலர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதிகளும் அல்லோம். ஆனால் இவ்வழக்கின் அடியில் ஒரு கேள்வி உண்டு. கூட்டாகப் பிறக்கும் கலையிலே, யாருடைய உழைப்புக்குப் பெயர் இடப்படுகிறது. யாருடைய உழைப்பு பெயரின்றிப் போகிறது? இது அழகியற் கேள்வி. அதே வேளையிற் கூலிக் கேள்வியுமாகும்.

தோட்டத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்தான் வழங்குகிறது. ஒரு நாள் வேலையை மலையகத்தார் 'பேர்' என்பர். செக்ரோலில் அன்றைய பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. நிறுவையில் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' போடுவார்கள். காலையிலிருந்து மாலைவரை முழுமனிதராக மலையேறி நின்றவள் கணக்கேட்டில் பாதி மனிதராக ஆகிறாள். பேர் என்பது அடையாளமும் கூலியும் ஒன்றான சொல். பேர் போனால் இரண்டும் போயின. பாட்டுலகின் கணக்கேட்டிலும் இவ்வாறே அரைப்பேர் விழுகிறது என்பதே நான் சொல்ல வந்தது.

இதை இசைத் துறையினர்மேல் மட்டும் சாட்டும் தகுதி எனக்கு இல்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற காலத்தில், நாட்டார் பாடல் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரைக்காகக் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் சென்றேன். ஒரு மூதாட்டியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பாடச் சொன்னேன். அவர் குரல் எழவில்லை. இரண்டு அடி பாடி, இருமி, நிறுத்திவிட்டார். பக்கத்துக் காம்பராப் பெண்கள் இருவர் வேடிக்கை பார்க்க வந்து வாசலில் அமர்ந்தனர். ஒருத்தி ஈற்றடியைத் திருப்பிப் பாடினாள்; மற்றவள் தகரத்தில் தாளம் தட்டினாள். மூதாட்டியின் குரல் அப்பொழுதுதான் திறந்தது. ஒரு மணி நேரத்தில் பதினொரு பாடல்கள் கிடைத்தன. எனக்கு நல்ல புள்ளிகளும் கிடைத்தன. கட்டுரையின் அடியில் நான் எழுதிய குறிப்பு: 'பாடியவர்: ஒரு கிழவி, வயது சுமார் 75.' அவர் பெயரை நான் எழுதவில்லை. கேட்டேனா என்பதும் நினைவில்லை. ஈற்றடி எடுத்துக் கொடுத்த பெண்ணும் தாளம் தட்டிய பெண்ணும் அக்குறிப்பில் அறவே இல்லை. அவர்கள் மூவர்க்கும் அரைப்பேர்கூட நான் போடவில்லை. சில ஆண்டுகளின் பின் அங்கே சென்றபோது மூதாட்டி இறந்துவிட்டிருந்தார்.

அன்று நான் கண்டும் காணாததை இன்று இவ்வாறு விளங்கிக்கொள்கிறேன். பாட்டு, பாடப்படும் இடத்தில், எல்லோருக்கும் இடையே நிற்கிறது. ஈற்றடி எடுப்பவரும் தட்டுபவரும் கேட்பவரும் இல்லாமல் அது பிறப்பதில்லை. ஒலிப்பதிவு அதனை அவ்விடத்திலிருந்து பெயர்த்தெடுக்கிறது. பதிவுக் கூடத்தில் பறை ஒருநாள், குரல் ஒருநாள், ஒப்பாரி வேறொருநாள் எனத் தனித்தனியே பதிந்து, பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். அதனால் நன்மை உண்டு. கலஹாத் தோட்டத்தின் காற்றோடு போயிருக்கக்கூடிய குரல் கடல் கடந்து கேட்கிறது. ஆனால் பெயர்த்தெடுத்த கணத்திலேயே பாட்டு ஒரு பண்டமாகிறது. பண்டத்துக்கு உடையவர் வேண்டும். உடையவருக்குப் பத்திரம் வேண்டும். பத்திரத்தில் பெயர் இடுமிடம் குறுகியது.

இசைக்குழுக்களின் வரலாற்றை நோக்கினால் இது தெளிவாகும். நமது மலையகத்தில் 1930களிலும் 1940களிலும் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் தொழிலாளர் நிலையைப் பாட்டாக்கி, கூட்டங்களிற் பாடினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் அவரது பாட்டு நூல் 1940இல் வெளிவந்தது. மெட்டு யாருடையது என்று அன்று எவரும் வழக்காடவில்லை. கடல் கடந்த தேவிகுளத்திலும் இவ்வாறே. 1958ஆம் ஆண்டு இடைத்தேர்தலின்போது அங்குள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே பொதுவுடைமைக் கட்சிக்காகப் பாடியவர் பாவலர் வரதராசன். பின்னர் தம்பியரும் அவருடன் சேர்ந்து ஊர் ஊராக மேடையேறினர். அப்பாட்டுகள் விற்பனைக்கு வராதவை. ஆதலால் உடைமைக் கேள்வி எழவில்லை.

அத்தம்பியருள் ஒருவரே இளையராஜா. தாம் இசையமைத்த பாடல்களை அனுமதியின்றி மேடையிற் பாடலாகாது என்று 2017ஆம் ஆண்டு எஸ். பி. பாலசுப்பிரமணியத்துக்கு வழக்கறிஞர் மூலம் அறிவித்தல் அனுப்பியவரும் அவரே. அண்ணனின் பொதுவுடைமை மேடையையும் தம்பியின் உரிமை அறிவித்தலையும் ஒப்பிட்டுத் தம்பியை இகழ்வது எளிது. அது ஆழமற்ற விமர்சனம். மேடைப் பாட்டு யாருக்கும் பணம் தராத காலத்தில் அதற்கு உடையவர் தேவைப்படவில்லை. பதிவு செய்த பாட்டு நிறுவனங்களுக்குக் கோடி கோடியாகப் பணம் தரும் காலத்தில், ஆக்கியவன் உரிமை கோராவிட்டால் அவனைத் தவிர மற்றெல்லோரும் அதன் உடையவராகிவிடுவர். மாறியது மனிதரின் குணமன்று, பாட்டின் பொருளாதாரம்.

இதற்கு மாற்று வழி உண்டா என்று தேடியவர்களுள் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவினர் குறிப்பிடத்தக்கோர். பா. ரஞ்சித்தின் முயற்சியால் உருவாகி, டென்மா என்னும் இசைக்கலைஞர் நெறிப்படுத்திய இக்குழு, 2018ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. பெயருக்கு மூலம் அயோத்திதாச பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் சிந்தனை. கானாப் பாடகரும் பறை வாசிப்போரும் கிற்றார் வாசிப்போரும் ஒரே வரிசையில் நின்றனர். கானாப் பாடகி இசைவாணியை உலகறியச் செய்தது அம்மேடை. 2020ஆம் ஆண்டு பிபிசி தெரிந்தெடுத்த நூறு பெண்களுள் அவரும் ஒருவர். அறிவு உருவானதும் இக்குழுவிலேதான். சாவு வீட்டுக்குரியதெனத் தள்ளப்பட்ட பறை அங்கே முன்னிலைக்கு வந்தது. எமது தோட்டங்களில் அதன் உறவான தப்பு, விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியது. காமன் கூத்தில் அவர்களை ஆட வைத்தது. இறந்தபின் சுடலைக்கு வழியனுப்பியது. அத்தகைய கருவியைத் தட்டுபவன் பெயர் உள்ளவனாக மேடையில் நிற்கும்போது, கலையில் மட்டுமன்றிச் சமூக உறவிலும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. குழு என்றால் தனியாள் மறைவது என்பது பொருளன்று. ஒவ்வொருவரும் பெயரோடு நிற்பது என்பதே பொருள்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பைக் கருத வேண்டும். 'நாட்டுப் பாடல் மக்களின் பொதுச்சொத்து. அதில் எனது உனது என்பது தனியுடைமை மனப்பான்மை. முற்போக்காளர் அதை ஆதரிக்கலாமா?' என்று நமது நண்பர்களே கேட்கின்றனர். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பொது என்ற சொல் எப்பொழுது எடுக்கப்படுகிறது என்று பாருங்கள். பாட்டியின் சொல்லும் தாளமும் எடுக்கப்படும்வரை அவை பொது. எடுத்துப் பதிந்து விற்கும்போது அவை தனி. பொதுக்காட்டை வேலியிட்டுக் கோப்பித் தோட்டமாக்கியவன் செய்ததும் இதுவே. பொது என்றால் வருவாய்வரை பொதுவாக இருக்கட்டும். தனி என்றால் பத்திரத்தின் முதல் வரியில் யாருடைய வாழ்வு பாட்டாயிற்றோ அவர் பெயர் இருக்கட்டும். எடுப்பதற்குப் பொது, கொடுப்பதற்குத் தனி என்பது சுரண்டலின் இலக்கணம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு உண்டு என்கிறது. ஆனால் பெயரே குறிக்கப்படாத மூதாட்டி அச்சட்டத்தின் வாசலுக்கு எவ்வாறு செல்வாள்? பெயரெழுதும் வேலை நீதிமன்றத்தில் தொடங்குவதன்று. பாட்டைக் கேட்டு எழுதுபவனிடம் தொடங்குவது.

நமது முன்னோடிகளிடம் இதற்கான விதை இருந்தது. 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்றப் பிரதிநிதியான சி. வி. வேலுப்பிள்ளை, தம் மக்களின் வாக்குரிமை பறிபோவதைக் கண்முன் கண்டவர். அவர் தொழிலாளரின் வாய்ப் பாடல்களைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று 1983இல் நூலாக்கினார். வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட மக்களை இலக்கியத்தின் இடாப்பில் பதிந்த செயல் என்று அதனைக் கொள்ளலாம். அவர் பதிந்தது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். ஆள் ஆளாகப் பெயர் எழுதும் கடன் நமக்கு விடப்பட்டது. நாம் அதைச் செய்யவில்லை.

இப்பின்னணியில், அறிவு அடுத்து எடுத்த அடி கவனிக்கத்தக்கது. 2024ஆம் ஆண்டு 'அம்பாசா' என்னும் தமது இசைக்குழுவுடன் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தமது பெயர் அட்டையில் விடுபட்டதற்காக வருந்திய இளைஞர், தமது சொந்தத் தொகுப்பின் தலைப்பில் பாட்டியின் பெயரை முன்வைத்துத் தம்மை அவளுடைய பேரன் என்று மட்டும் குறித்தார். உரிமைக் குரலைத் தன்னலம் என்றவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி இருக்க இயலாது. அவர் கோரியது தமக்கு மட்டுமான பேரன்று; செக்ரோலில் ஒருபோதும் முழுப்பேர் பெறாத ஒருத்திக்குரிய பேர்.

எனினும், பெயர் வைத்தலோடு கடன் தீர்ந்ததென்று நாம் மகிழ்ந்துவிடலாகாது. நாள் ஒன்றுக்கு 1000 ரூபாய் சம்பளம் என்னும் வர்த்தமானி அறிவித்தல், பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் திகதி வெளியாயிற்று. பாட்டு வெளியானதற்கு இரண்டு நாட்கள் முன்னர். பாட்டியின் பாட்டை உலகம் கொண்டாடிய அதே மாதங்களில், பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையைக் கூட்டிவிட்டார்கள், குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்கள் என்று பல தோட்டங்களில் பெண்கள் முறையிட்டுக்கொண்டிருந்தனர். அம்முறையீட்டுக்கு எந்த அட்டையும் கிடைக்கவில்லை. ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். பழைய தொழிற்சாலைக் கட்டடம். கொழுந்தை அரைத்த பெரும் இயந்திரங்கள் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. இயந்திரத்தைப் பாதுகாக்க நமக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குக் கொழுந்து சுமந்தவளின் குரலைப் பாதுகாக்க நமக்கு இன்னும் தெரியவில்லை.

ஆசிரியரும் மாணவருமாகிய நாம் செய்யக்கூடியது என்ன? இசை நிறுவனங்களின் ஒப்பந்தங்களை நாம் எழுதப்போவதில்லை. ஆனால் அடுத்த தலைமுறையின் செவியை உருவாக்கும் பொறுப்பு நமது கையில் இருக்கிறது. ஒரு பாட்டைக் கேட்டதும், யார் பாடியது என்று கேட்கும் பிள்ளை, யாருடைய வாழ்வு, யாருடைய தாளம், யார் எடுத்துக் கொடுத்த ஈற்றடி, யாருக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்கப் பழக வேண்டும். அது இலக்கிய விமர்சனத்தின் பாலபாடம். வர்க்க உணர்வின் பாலபாடமும் அதுவே.

அந்த விழாவின் மறுவாரம் எனது வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு முதியவரிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதி வர வேண்டும். பாட்டுக்கு மேலே பாடியவரின் முழுப்பெயரும், பிறந்த தோட்டமும் அல்லது ஊரும், செய்த வேலையும், உடன் பாடியவர்களின் பெயர்களும் இருக்க வேண்டும். பெயரில்லாத பாட்டுக்குப் புள்ளி இல்லை என்றேன். நகரத்துப் பிள்ளைகள் சிலர் திரைப்பாட்டை எழுதி வந்தனர். ஹேவாஹெட்டை மாணவியின் கொப்பியில் நான்கு பக்கங்கள் நிறைந்திருந்தன. முதற் பக்கத்தின் மேலே, பாட்டுக்கு முன்னால், அப்பாயியின் பெயரைத் தகப்பன் பெயரோடு பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டிருந்தாள். அதன் கீழே, "இவங்க பேரை எழுதச் சொன்ன முதல் ஆள் நீதான்னு அப்பாயி சொன்னாங்க" என்று ஒரு வரி. அந்த வரிக்கு எத்தனை புள்ளி இடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்டு, வகுப்பில் உரத்து வாசித்தேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.